யார் வெல்வார்? எண்ணி முடியாத ஒரு கணக்கு

தேர்தல் அறிவிக்கப்பட்ட மறுநாளே நம் நாட்டில் எல்லோரும் சோதிடர்களாகி விடுகிறார்கள். தேநீர்க் கடையிலும் பஸ்ஸிலும் திருமண வீட்டுப் பந்தலிலும் ஒரே பேச்சுத்தான். வட்ஸ்அப்பில் ஒருவர் “நிச்சயம் இவர்தான்” என்கிறார். தொலைக்காட்சியில் இன்னொருவர் “எழுபது வீத வாய்ப்பு அவருக்கு” என்கிறார். அந்த எழுபது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. சொன்னவரும் விளக்குவதில்லை.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் கற்கும் மாணவி என்ற வகையில் எனக்கு அந்தக் கேள்வியில்தான் ஆர்வம். ஒவ்வொரு வாக்காளரின் மனமும் நமக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதி அறிவை வைத்து ஒருவர் வெல்லும் நிகழ்தகவைக் கணிப்பது எவ்வளவு கடினம்? கணினி விஞ்ஞானிகள் இதனை உண்மையாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடை வியப்பானது. அடுத்த தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கப் போகும் நம் வயதினர் அறிந்திருக்க வேண்டியதும் கூட.

மூவர் மட்டும் வாக்களித்தால்

மிகச் சிறிய தேர்தல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தமிழ் மன்றத் தலைவி பதவிக்கு அ, ஆ, இ என மூன்று வேட்பாளர்கள். வாக்களிப்பவர்களும் மூவரே. முதலாமவர் அ-வுக்கு வாக்களிக்கும் நிகழ்தகவு 0.6, ஆ-வுக்கு 0.4. இரண்டாமவர் அ-வுக்கு 0.5, இ-க்கு 0.5. மூன்றாமவர் ஆ-வுக்கு 0.7, அ-வுக்கு 0.3. ஒருவரின் முடிவு மற்றவரின் முடிவைச் சாராது எனக் கொள்வோம்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு வழிகள் இருப்பதால் மொத்தம் 8 சந்தர்ப்பங்கள். ஒவ்வொன்றின் நிகழ்தகவையும் பெருக்கிக் கண்டு, பின் கூட்ட வேண்டும். அ தனித்து வெல்லும் நிகழ்தகவு 0.45 என்று வரும். ஆ தனித்து வெல்வது 0.28. மூவரும் ஆளுக்கொரு வாக்குப் பெற்றுச் சமநிலையில் முடிவது 0.27. இ-க்கு ஒருவர் மட்டுமே வாக்களிக்கக் கூடியவர் என்பதால், சமநிலை வந்தாலன்றி இ-க்கு வாய்ப்பே இல்லை. அப்பியாசக் கொப்பியில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் கணக்கு இது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். “எழுபது வீத வாக்கைப் பெறுவார்” என்பது வேறு, “வெல்லும் வாய்ப்பு எழுபது வீதம்” என்பது வேறு. முதலாவது வாக்குகளைப் பற்றியது. இரண்டாவது முடிவைப் பற்றியது. பத்திரிகைச் செய்திகளில் இவ்விரண்டும் அடிக்கடி கலந்துவிடுகின்றன. இக்கட்டுரையில் நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

பெருகும் சந்தர்ப்பங்கள்

இப்போது வாக்காளர்களை ஐவராக்குவோம். ஒவ்வொருவரும் மூன்று வேட்பாளரில் எவருக்கும் வாக்களிக்கலாம் என்றால், சந்தர்ப்பங்கள் 3-இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது 243. பொறுமையுள்ளவர் ஒரு மாலைப் பொழுதில் எழுதி முடித்துவிடலாம். இந்த 243-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

வகுப்பில் 30 பேர் என்றால்? 3-இன் முப்பதாம் அடுக்கு, ஏறத்தாழ 205 இலட்சம் கோடி. ஒரு செக்கனில் ஒரு கோடி சந்தர்ப்பங்களைப் பரிசீலிக்கும் கணினி இருந்தாலும் அதற்கு 238 நாட்கள் பிடிக்கும். வாக்களிப்பது ஒரு வகுப்பறை மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் இங்கே ஒரு குறுக்கு வழி உண்டு. வெற்றியைத் தீர்மானிக்க யார் யாருக்கு வாக்களித்தார் என்பது தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் எத்தனை வாக்கு என்பது போதும். எனவே மாணவிகளை ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டு, “அ-வுக்கு இத்தனை, ஆ-வுக்கு இத்தனை, இ-க்கு இத்தனை” என்ற ஒவ்வொரு நிலைக்கும் உரிய நிகழ்தகவை ஓர் அட்டவணையில் எழுதி வரலாம். முப்பதாவது மாணவியும் சேர்ந்த பின் அட்டவணையில் இருப்பவை 496 வரிகள் மட்டுமே. 205 இலட்சம் கோடி 496 ஆகச் சுருங்கிவிட்டது! உயர்தரப் பாடத்தில் நாம் கற்கும் சேர்மானங்களின் பயன் இதுதான். வாக்காளர்களை 300 பேராக்கினாலும் வரிகள் 45,451-தான். கணினிக்கு அது கண்ணிமைக்கும் வேலை.

அப்படியென்றால் கணக்கு இலகுவாகிவிட்டதா? வேட்பாளர்களைக் கூட்டிப் பாருங்கள். அதே 30 வாக்காளர்கள், ஆனால் 10 வேட்பாளர்கள் என்றால், அட்டவணையில் 21 கோடிக்கும் மேற்பட்ட வரிகள். 38 வேட்பாளர்கள் என்றால் வரிகளின் தொகை ஏறக்குறைய 1 இற்குப் பின் 19 பூச்சியங்கள் கொண்ட எண். செக்கனுக்கு ஒரு கோடி வரிகள் எழுதினாலும் முடிக்க முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் செல்லும்.

வாக்காளர் தொகை கூடுவதுதான் கணிப்பைக் கடினமாக்குகிறது என்று நாம் இயல்பாக எண்ணுவோம். உண்மையில் இந்தக் குறுக்கு வழியைத் திணறடிப்பது வேட்பாளர் தொகை.

நம் வாக்குச்சீட்டு

38 என்ற எண்ணை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி நடந்த நமது ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டவர்கள் 38 பேர். அத்துடன் நமது முறையில் ஒருவரை மட்டும் தெரிவு செய்வதோடு வேலை முடிவதில்லை. முதலாம், இரண்டாம், மூன்றாம் விருப்பு என மூவர் வரை வரிசைப்படுத்தலாம். ஒருவரை மட்டும் குறிக்க 38 வழிகள், இருவரை வரிசைப்படுத்த 1,406 வழிகள், மூவரை வரிசைப்படுத்த 50,616 வழிகள். ஆகவே ஒரே ஒரு வாக்காளர் தமது சீட்டைச் செல்லுபடியாக நிரப்பும் வழிகள் மட்டும் 52,060. அந்தத் தேர்தலில் பதிவு செய்யப்பட்டிருந்த வாக்காளர்களோ 1 கோடியே 71 இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

1982 முதல் 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் யாராவது ஒருவர் முதலாம் எண்ணிக்கையிலேயே பாதிக்கு மேல் பெற்றுவிட்டார். எனவே இரண்டாம், மூன்றாம் விருப்புகளை எண்ண வேண்டிய தேவை எழவே இல்லை. 2024 இல்தான் அது முதன்முறையாக எழுந்தது. அனுர குமார திசாநாயக்க 56,34,915 வாக்குகளும் (42.31 வீதம்) சஜித் பிரேமதாச 43,63,035 வாக்குகளும் (32.76 வீதம்) பெற்றனர். ஏனையோர் போட்டியிலிருந்து நீக்கப்பட, அவர்களுக்குக் கிடைத்த சீட்டுகளில் இவ்விருவருக்கும் இடப்பட்ட விருப்புகள் எண்ணப்பட்டன. அதில் திசாநாயக்கவுக்கு 1,05,264 வாக்குகளும் பிரேமதாசவுக்கு 1,67,867 வாக்குகளும் சேர்ந்தன.

இவ்விரண்டையும் கூட்டினால் 2,73,131. நீக்கப்பட்ட வேட்பாளர்களுக்கு அளிக்கப்பட்டிருந்த வாக்குகளோ 33 இலட்சத்துக்கும் மேல். அதாவது அவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவினரின் விருப்பு மட்டுமே இறுதி இருவரில் ஒருவரைச் சென்றடைந்தது. தேர்தலுக்கு முன் இந்த எட்டைச் சரியாகச் சொல்ல எதனை ஆதாரமாகக் கொள்ள முடியும்? முந்தைய எட்டுத் தேர்தல்களில் எண்ணப்பட்ட ஒரு விருப்புச் சீட்டு கூட இல்லையே! வாக்காளரின் முதல் விருப்பமே அரைகுறையாகத் தெரியும்போது, அவரது இரண்டாவது மனத்தை யார் அறிவார்?

இருக்கிறதா? எவ்வளவு இருக்கிறது?

கணக்கு நீளமானது என்பதால் மட்டும் அது கடினமானது என்று கணினி விஞ்ஞானிகள் சொல்வதில்லை. அட்டவணையைப் போல இன்னொரு குறுக்கு வழியை யாராவது நாளை கண்டுபிடிக்கலாம் அல்லவா? அவர்கள் சொல்லும் கடினம் வேறு வகையானது. அதனை நம் கல்லூரி உதாரணத்தாலேயே விளக்கலாம்.

தமிழ்மொழித் தின விழாவுக்கு 20 மாணவிகள், 20 பொறுப்புகள். ஒவ்வொரு மாணவிக்கும் சில பொறுப்புகள் மட்டுமே பொருந்தும். ஆளுக்கொன்றாக எல்லாப் பொறுப்புகளையும் பகிர்ந்தளிக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விரைவாக விடை காணும் படிமுறை உண்டு. (படிமுறையைக் குறிக்கும் ‘அல்கோரிதம்’ என்ற சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது.) ஆனால் கேள்வியைச் சற்றே மாற்றி, “அப்படிப் பகிர்ந்தளிக்க எத்தனை வழிகள் உண்டு?” என்று கேட்டால் நிலைமை தலைகீழாகிறது. அதற்கு விரைவான படிமுறை எதுவும் இன்று வரை கண்டுபிடிக்கப்படவில்லை. 1979 இல் லெஸ்லி வேலியன்ட் என்ற அறிஞர் இத்தகைய ‘எண்ணும் கேள்விகளை’ ஒரு தனி வகுப்பாகப் பிரித்துக் காட்டினார். அவ்வகுப்பின் மிகக் கடினமான கேள்விகளில் ஒன்றுக்கு விரைவான வழி கிடைத்தால், அந்த வகுப்பிலுள்ள எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடும். அப்படியொரு வழி இருக்காது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் நம்பிக்கை.

தேர்தல் கணிப்பும் இப்படித்தான் இரண்டாகப் பிரிகிறது. 2012 இல் நோம் ஹசோன், யொனத்தான் ஔமன், சாரித் கிராவுஸ், மைக்கல் வூல்ட்ரிஜ் ஆகிய நால்வர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதனை நிறுவியது. வேட்பாளர் தொகை ஒரு மாறாத சிறிய எண் என்றால், நிகழ்தகவை நியாயமான நேரத்தில் கணித்துவிடலாம். நாம் மேலே கண்ட அட்டவணை அந்த வழியைச் சேர்ந்ததே. ஆனால் வேட்பாளர் தொகைக்கு வரம்பு இல்லையென்றால், ஆளுக்கு ஒரே வாக்கு என்ற மிக எளிய முறையில்கூட, வெல்லும் நிகழ்தகவைத் துல்லியமாகக் கணிப்பது வேலியன்ட் காட்டிய கடினமான கேள்விகளுக்குச் சமமாகிவிடுகிறது. அதே எளிய முறையில், “இவருக்கு வெல்ல ஏதேனும் வாய்ப்பு இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் விடை விரைவாகக் கிடைக்கும்.

வாய்ப்பு இருக்கிறதா என்று சொல்வது எளிது. எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதே கடினம். “எழுபது வீதம்” என்று சாதாரணமாகச் சொல்பவர், அந்தக் கடினமான கேள்விக்கே விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு சுவையான செய்தி. ‘அற்புத உலகில் ஆலிஸ்’ கதையை லூயிஸ் கரோல் என்ற பெயரில் எழுதிய சார்ள்ஸ் டொட்ஜ்சன் ஒரு கணித ஆசிரியர். அவர் 1876 இல் வாக்களிப்பு முறை ஒன்றை முன்வைத்தார். அம்முறையில் எல்லா வாக்குகளும் ஐயமின்றித் தெரிந்த பிறகும்கூட வென்றவர் யார் என்று கண்டுபிடிப்பதே கணினிக்கு மிகக் கடினமானது என்று 1989 இல் நிறுவப்பட்டது.

சீட்டுக் குலுக்கும் கணினி

துல்லியமான விடை கிடைக்காது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? அண்ணளவான விடைக்கு அழகான ஒரு வழி உண்டு. 1946 இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஸ்டனிஸ்லாவ் உலாம் என்ற கணிதவியலாளர் தனியாகச் சீட்டாடிப் பொழுதைப் போக்கினார். ஆட்டம் வெற்றியாக முடியும் நிகழ்தகவு என்ன என்று கணிக்க முயன்றார், முடியவில்லை. அப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கணிப்பதை விட்டுவிட்டு நூறு முறை ஆடிப் பார்த்து, எத்தனை முறை வென்றது என்று எண்ணினால் என்ன? ஜோன் வொன் நொய்மனுடன் சேர்ந்து வளர்த்த அந்த யோசனையே இன்று ‘மொன்டி கார்லோ முறை’ எனப்படுகிறது.

தேர்தலுக்கும் அதுவே பொருந்தும். ஒவ்வொரு வாக்காளருக்கும் உரிய நிகழ்தகவின்படி கணினி சீட்டுக் குலுக்கி ஒரு போலித் தேர்தலை நடத்தும். வென்றவரைக் குறித்துக்கொள்ளும். இப்படி 10,000 தேர்தல்கள் நடத்தினால், கிடைக்கும் வீதம் உண்மையான விடையிலிருந்து பெரும்பாலும் ஒரு வீதத்துக்கு மேல் விலகாது. பிழையைப் பத்திலொன்றாகக் குறைக்க நூறு மடங்கு தேர்தல்கள், அதாவது 10 இலட்சம் தேர்தல்கள் நடத்த வேண்டும். கணினிக்கு இது இயலக்கூடியதே.

ஆகவே கணக்கின் கடினத்தை ஓரளவு தாண்டிவிட்டோம். தாண்ட முடியாதது ஒன்று எஞ்சி நிற்கிறது. கணினிக்கு நாம் கொடுக்கும் ஆரம்ப நிகழ்தகவுகள் சரியா? அதைவிட முக்கியமாக, ஒருவர் மற்றவரைச் சாராமல் முடிவெடுக்கிறார் என்று நாம் முதலிலேயே எடுத்துக்கொண்டோமே, அது சரியா?

சார்ந்தவையா, சாராதவையா?

இருவர் போட்டியிடும் தேர்தலில் 101 வாக்காளர்கள். ஒவ்வொருவரும் அ-வுக்கு வாக்களிக்கும் நிகழ்தகவு 0.55. எல்லோரும் தனித்தனியே முடிவெடுத்தால் அ வெல்லும் நிகழ்தகவு ஏறத்தாழ 84 வீதம். 1,001 வாக்காளர்கள் என்றால் அது 99.9 வீதம் வரை உயர்ந்துவிடும். ஆனால் எல்லோரும் ஒரே மனிதரின் சொல்லைக் கேட்டு ஒன்றாகவே வாக்களிப்பவர்கள் என்றால்? அப்போது 101 பேராக இருந்தாலும் ஒரு கோடிப் பேராக இருந்தாலும் விடை 55 வீதம்தான். ஏனெனில் அங்கே உண்மையில் இருப்பது ஒரே ஒரு வாக்காளர்.

ஒவ்வொருவரைப் பற்றியும் நமக்குத் தெரிந்தது ஒன்றே. ஆனால் விடைகள் 55, 84, 99.9 என்று வேறுபடுகின்றன. மாறியது, மனிதர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு சார்ந்திருக்கிறார்கள் என்ற நமது எண்ணம் மட்டுமே.

2016 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. ஹிலாரி கிளின்டன் வெல்லும் நிகழ்தகவு 98 வீதம் என்றது ஹஃபிங்டன் போஸ்ட். ஏறத்தாழ 71 வீதம் என்றது ஃபைவ்தேர்ட்டிஎயிட். இரு தரப்பினரும் பார்த்தவை பெரும்பாலும் அதே கருத்துக்கணிப்புகளைத்தான். ஒரு மாநிலத்தில் கருத்துக்கணிப்பு பிழைத்தால் அதைப் போன்ற மற்ற மாநிலங்களிலும் அதே திசையில் பிழைக்கும் என்பதற்கு எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்பதே முக்கிய வேறுபாடு. விஸ்கொன்சின், மிச்சிகன், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களும் ஒரு வீதத்துக்கும் குறைந்த இடைவெளியில், ஒரே திசையில், டொனால்ட் ட்ரம்ப் பக்கம் சாய்ந்தன.

ஒரே வரியில் எழுதப்படும் நாம்

இனி நம் நாட்டுத் தேர்தல் விவாதங்களுக்கு வருவோம். “சிங்கள வாக்குகள் இப்படிப் பிரியும், தமிழ் வாக்குகள் இவருக்கு, மலையக வாக்குகள் அவருக்கு, முஸ்லிம் வாக்குகள் அப்படியே இவருக்கு” என்று விரல் விட்டு எண்ணுவதைக் கேட்டிருப்பீர்கள். இப்போது இதன் கணித இரகசியம் நமக்குப் புரியும். ஒன்றே முக்கால் கோடி வாக்காளர்களைத் தனித்தனியே கருதினால் கணக்கு எவருக்கும் கட்டுப்படாது. அவர்களை ஐந்து கூட்டங்களாக்கி, மூன்று பிரதான வேட்பாளர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் எத்தனை சந்தர்ப்பங்கள்? நாம் முன்பு கண்ட அதே 243. எவரும் ஒரு மாலையில் எழுதி முடித்துவிடலாம். கூட்டமாக எண்ணுவது வாக்காளரை அறிந்ததால் வந்ததல்ல. கணக்கைக் குறைக்க வேண்டிய தேவையால் வந்தது.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களில் 9.7 வீதத்தினர் முஸ்லிம்கள். சம்மாந்துறையில் வயல் செய்பவரும் மருதமுனையில் தறி நெய்பவரும் பேருவளையில் மாணிக்கம் விற்பவரும் புத்தளத்தில் உப்பு வாருபவரும் அதற்குள் அடங்குவர். அவர்களின் கவலைகள் ஒன்றல்ல. ஒரே வீட்டில் உம்மாவும் மகளும்கூட வேறு வேறு விதமாக எண்ணலாம். ஆனால் “முஸ்லிம் வாக்கு” என்று எழுதப்படும் அந்த ஒரு வரிக்குள் இவர்கள் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். அதற்குள்ளும் பெண்களின் வாக்கு, வீட்டு ஆண்களின் வாக்கோடு கேட்காமலே சேர்த்து எண்ணப்படுகிறது.

இதனால் வரும் தீங்கு கணிப்புப் பிழைப்பது மட்டுமல்ல. ஒரு சமூகம் முழுவதும் ஒரே பக்கம் என்று முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டால், ஒரு தரப்பு அதன் வாக்கைக் கேட்க வர வேண்டியதில்லை என்று எண்ணும். மறு தரப்பு எப்படியும் கிடைக்கும் என்று எண்ணும். தேர்தல் முடிந்த பின் தோல்விக்கான பழியும் அந்தக் கூட்டத்தின் மேல் மொத்தமாக விழும். கணக்கை எளிதாக்கப் போட்ட ஒரு வரி, மனிதர்களைப் பற்றிய தீர்ப்பாக மாறிவிடுகிறது.

அதற்காக மனிதர்கள் ஒருவரையொருவர் சாராதவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஒரே ஊரில் வாழ்வோர் ஒரே விலைவாசியையும் ஒரே அச்சத்தையும் பகிர்ந்துகொள்கிறார்கள். உண்மை 55 இற்கும் 99.9 இற்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அது எங்கே என்று தேடுவதே நேர்மையான கணிப்பாளரின் வேலை. “எழுபது வீதம்” என்று கேட்கும் போதெல்லாம் நாம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். அது வாக்கு வீதமா, வெல்லும் நிகழ்தகவா? யாரிடம் கேட்டுப் பெற்ற தகவல்? வாக்காளர்களைத் தனித்தனியே கருதினீர்களா, கூட்டமாகவா? மூன்றுக்கும் விடை இல்லையென்றால் அந்த எழுபது வெறும் எண்தான்.

தோழிகளே, பதினெட்டு வயதானதும் நம் கையிலும் அந்தச் சீட்டு வரும். ஒரே வேட்பாளரோடு நின்றுவிடாமல் இரண்டாம், மூன்றாம் விருப்பங்களையும் ஆராய்ந்து இட நமக்கு உரிமை உண்டு. சென்ற முறை போல 38 பேர் நின்றால், 52,060 வழிகளில் எதனைத் தெரிவு செய்வது என்பது நம் ஒவ்வொருவரின் சொந்த முடிவு. எந்தக் கணினியாலும் துல்லியமாகச் சொல்ல முடியாத அந்த முடிவை, நமக்காக வேறு எவரும் ஒரே வரியில் எழுதிவிட இடம் கொடாதிருப்போம்.